மழைநீர்க் குழி இருந்தால் போதுமா? விதி கேட்பது என்ன?

போன புரட்டாசியில் எங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குழியை இரண்டு பேர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். உள்ளே ஜல்லியே கண்ணில் படவில்லை. வேப்பஞ்சருகும் மாடிப் புழுதியும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிக் கிடந்தன. நடுவில் ஒரு பால் கவர். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்படியே நிற்கிறது. குழாய் இருக்கிறது, குழி இருக்கிறது, எல்லாம் சரி என்று இத்தனை வருடம் நம்பியிருந்தோம்.

2003-ல், ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, அவசரச் சட்டம் மூலம் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. புதுக் கட்டடத்துக்கு மட்டும்தான் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். இல்லை, பழைய வீடு, கடை, பள்ளி, அரசு அலுவலகம் எல்லாவற்றுக்கும் உண்டு. உரிமையாளரோ குடியிருப்பவரோ அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால், நோட்டீஸ் கொடுத்த பிறகு உள்ளாட்சி அமைப்பே அமைத்து, செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. இப்போது கட்டுகிறவர்களுக்கு 2019-ன் கட்டட விதிகளிலும் இது உண்டு.

எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் மட்டும் 1,40,000 லிட்டர் விழுகிறது. சிதறியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 12,000 லிட்டர் லாரி ஒன்பதுக்கு மேல் வரும். 2019-ல் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த ஒன்பது லாரித் தண்ணீரைத் தெருவில் ஓடவிட எனக்கு மனசு வரவில்லை.

மாடிக் குழாயைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விட்டிருந்தால் அது சேகரிப்பு ஆகாது. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். பெசன்ட் நகர் மாதிரி மணல் பாங்கான இடத்தில் சாதாரணக் குழியே உறிஞ்சிக்கொள்ளும். களிமண் என்றால், குழிக்குள் துளை போட்டு அடியிலுள்ள மணல் அடுக்கு வரை இறக்க வேண்டும். வீட்டில் பழைய கிணறு இருந்தால் தயவுசெய்து மூடிவிடாதீர்கள், அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கிணறோ போரோ, அதற்கு முன்னால் வடிகட்டும் தொட்டி வேண்டும்: அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். வாஷிங் மெஷின் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது.

எங்கள் குழியின் ஜல்லியை வாரி, கழுவி, திரும்பப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிடித்தது. ஐப்பசி பிறக்கும் முன் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டிவிட்டோம். அப்புறம், முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். வெயில் காலத்துப் புழுதியும் பறவை எச்சமும் அதில்தான் வரும்.