இரவலைக் கடன் ஆக்க வேண்டாம்

ரஸ்ட் நிரல்மொழியைத் தமிழில் கற்பிக்க முன்வருவோரில் பலர், அம்மொழியின் நடுநாயகமான ‘பாரோ’ என்னும் கருத்தைக் ‘கடன் வாங்குதல்’ என்று பெயர்க்கிறார்கள். அந்த விதிகளைச் சோதிக்கும் ‘பாரோ செக்கர்’ அவர்களிடம் ‘கடன் சரிபார்ப்பி’ ஆகிவிடுகிறது. நெடுநாள் இதைக் கேட்டும் பேசாமல் இருந்தேன். அண்மையில் ரஸ்ட் கற்கத் தொடங்கிய ஒருவர், “ஒரு செயற்கூறு என்னிடம் கடன் வாங்கிய சரத்தைச் செலவழித்துவிட்டு, அதே அளவுள்ள வேறொரு சரத்தைத் திருப்பித் தந்தால் தொகுப்பிக்கு என்ன குறை?” என்று கேட்டார். (செயற்கூறு என்பது நிரலில் ஒரு வேலையைச் செய்யும் தனிப்பகுதி; சரம் என்பது எழுத்துகளின் தொடர்; தொகுப்பி என்பது நிரலைச் சோதித்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்.) கடன் என்ற சொல்லை நம்பி அவர் முறையாகவே சிந்தித்திருக்கிறார். பிழை அவருடையதன்று, அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்லினுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சுருக்கமானது. பழைய ஆங்கிலத்தில் ‘போர்க்’ என்பது பிணையைக் குறித்தது. பிணை கொடுத்துப் பெறுவதைக் குறித்த வினையே பிற்காலத்தில் ‘பாரோ’ ஆயிற்று. இன்றைய ஆங்கிலம் அந்த ஒரே சொல்லால் பணம் வாங்குவதையும் புத்தகம் வாங்குவதையும் சுட்டுகிறது. கிரேடன் ஹோர் 2006-இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கி, மோசில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே 15 அன்று 1.0 பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் மொழி, இவ்விரண்டில் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டது. ஒரு மதிப்புக்கு ஒரு நேரத்தில் ஓர் உடையவரே உண்டு. உடையவர் அதைக் கைவிடாமலேயே பிறர் அதைச் சிறிது நேரம் பயன்படுத்த இடம் தரலாம். அவ்வாறு பயன்படுத்துவோர் அதை அழிக்கவோ வேறொருவருக்கு உடைமையாக்கவோ முடியாது. ‘பாரோ’ என்பதன் சாரம் இவ்வளவுதான்.

ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் அடக்கியதைத் தமிழ் நெடுங்காலமாகவே பிரித்து வைத்திருக்கிறது. வாங்கிய பொருளையே திருப்பித் தருவது இரவல். வாங்கியதைச் செலவழித்துவிட்டு அதற்கு ஈடானதைத் தருவது கடன். நூறு ரூபாய் கடன் வாங்கியவர் அதே தாளைத் திருப்பித் தர வேண்டியதில்லை, தந்தால்தான் வியப்பு. நகையை இரவல் வாங்கியவரோ அதே எடையில் வேறொரு நகையைக் கொண்டுவந்து நீட்ட முடியாது. வட்டியின்றிச் சில நாளுக்குப் பணம் பெறுவதற்குக் கைமாற்று என்ற சொல் தனியே உண்டு. அளவு குறித்து வாங்கி அதே அளவைத் திருப்பிக் கொடுப்பதற்குக் குறியெதிர்ப்பை என்ற பழஞ்சொல்லும் இருந்தது. ஈகையை அதனின்று பிரித்துக் காட்டுவதற்காகவே திருக்குறளின் 221-ஆம் குறள் அச்சொல்லை ஆள்கிறது. ரோமானியச் சட்டமும் இதே வேறுபாட்டைக் கண்டு, பொருளையே திருப்பித் தருவதைக் ‘கொம்மோதாத்தும்’ என்றும் ஈடானதைத் தருவதை ‘முத்துவும்’ என்றும் இரு வேறு ஒப்பந்தங்களாக வகுத்தது. முத்துவும் ஒப்பந்தத்தில் பொருளின் உடைமையே வாங்கியவருக்கு மாறிவிடும் என்பது அச்சட்டத்தின் தெளிவான நிலை. நம் மொழியில் இதற்குச் சட்டநூல் தேவைப்படவில்லை. சொற்களே போதுமானவையாக இருந்தன.

இப்போது ரஸ்டுக்கு வருவோம். கடன் என்ற சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும் நிகழ்வு ஒன்று அம்மொழியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பாரோ அன்று. ஒரு செயற்கூறு ஒரு சரத்தைச் சுட்டாக, அதாவது அது இருக்குமிடத்தைக் காட்டும் குறிப்பாக மட்டும் பெறாமல், நேரடியாகப் பெற்றுக்கொண்டால், அச்சரத்தின் உடைமை அதற்கு மாறிவிடுகிறது. அதை அது அழிக்கலாம், வேறிடத்துக்கு அனுப்பலாம், முடிவில் தான் விரும்பிய இன்னொரு சரத்தைத் திருப்பித் தரலாம். கொடுத்தவர் இடையில் அந்தப் பழைய பெயரைத் தொட்டால், உடைமை மாறிய மதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று 0382-ஆம் எண்ணுள்ள பிழையைத் தொகுப்பி எழுப்பும். பணம் கைமாறி, வாங்கியவருடையதாகி, பின்னர் ஈடாக வேறு பணம் வருகிறதே, அதேதான் இது. அதாவது ரஸ்டில் ‘மூவ்’ எனப்படும் உடைமை மாற்றத்துக்கு நெருக்கமான சொல்லை எடுத்து, அதற்கு நேர் எதிரான பாரோவின் தலையில் சூட்டியிருக்கிறோம். கற்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

இரவல் என்று சொல்லிப் பாருங்கள்; விதிகள் தாமே விளங்குகின்றன. இரவல் பொருளை வாங்கியவர் விற்க முடியாது; ஆகவே சுட்டின் வழியாக வந்த சரத்தின் உடைமையைப் பிடுங்கிச் செல்ல முயன்றால் 0507-ஆம் பிழை வருகிறது. பொருள் இரவலில் வெளியே இருக்கும்போது உடையவரும் அதை விற்க முடியாது, அதற்கு 0505. இரவல் வாங்கியவரிடம் பொருள் இருக்கும்போதே உடையவரின் கணக்கில் அது அழிந்துபோனால் 0597. இம்மூன்று பிழைகளுள் ஒன்றைக்கூடக் கடன் என்ற சொல்லை வைத்துக்கொண்டு விளக்க முடியாது. பணம் வாங்கியவர் அதைச் செலவழிப்பது குற்றமா? கொடுத்தவர் இறந்துபோனால் அந்தப் பணம் மறைந்துவிடுமா?

கடன் என்போரின் வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, பள்ளிக் கணக்கில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று பயின்றிருக்கிறோம், ஆகவே பாரோ என்றால் கடன் என்பது. இந்த மொழிபெயர்ப்பு பிறந்த இடமே அதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கழித்தலில் பத்தாமிடத்திலிருந்து வாங்கிய ஒன்று ஒன்றாமிடத்தில் கரைந்துபோகிறது. அதே ஒன்று திரும்பி வருவதே இல்லை. கடன் என்ற சொல் அங்கே பொருந்துவதற்குக் காரணம் எதுவோ, அதே காரணத்தால் இங்கே பொருந்தாது. இரண்டாவது, பேச்சில் ‘புத்தகம் கடன் வாங்கினேன்’ என்பாரும் உளர் என்பது. உளர், ஆயினும் ‘நூறு ரூபாய் இரவல்’ என்போரைவிட அவர்களுக்கு மொழி அதிக இடம் கொடுத்துவிடவில்லை. இரவல் நகை, இரவல் சேலை, இரவல் நூல் என்று வரும் சேர்க்கைகளே வழக்கு எது என்பதைச் சொல்லும். மூன்றாவது, இரவல் என்பது ‘இர’ என்னும் வினையடியில் பிறந்தது, ஆகவே அதில் பிச்சையின் சாயல் உண்டு என்பது. பிறப்பில் உண்டு, இன்றைய பொருளில் இல்லை. அதற்காகவே ஒரு சொல்லை விலக்குவதானால், கடமை என்ற பொருளைச் சுமந்து நிற்கும் கடனையும் விலக்க வேண்டியிருக்கும்; காலைக்கடன் என்பதில் யாரும் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

நான்காவது வாதம்தான் வலுவானது. மாற்றத்தக்க சுட்டின் வழியே, பழைய மதிப்பை வெளியே எடுத்து அவ்விடத்தில் புதிய மதிப்பை வைக்க ரஸ்ட் இசைகிறது. ‘மெம் ரிப்ளேஸ்’ என்னும் செயற்கூறு அதற்கென்றே உள்ளது. அப்படியானால் வாங்கியது ஒன்று, திருப்பித் தந்தது வேறொன்று. இது குறியெதிர்ப்பை அன்றோ என்று கேட்கலாம். இதற்கு நான் சில நாள் விடை தேடினேன். இங்கே இரவல் பெறப்பட்டது மதிப்பன்று, மதிப்பு உறையும் இடம் என்பதே விடை. அந்த இடம் உடையவரிடமிருந்து ஒருபோதும் பிரியவில்லை. இரவல் வாங்கியவர் அதற்குள் இருப்பதை மாற்றலாமேயன்றி, ஒரு நொடிகூட அதை வெறுமையாக விட முடியாது. பழையதை எடுப்பதும் புதியதை வைப்பதும் ஒரே செயலாக நடப்பதால்தான் தொகுப்பி அதற்கு ஒப்புகிறது. வீட்டை இரவல் பெற்றவர் உள்ளேயிருக்கும் பாயை மாற்றி வேறு பாய் விரிப்பதைப் போன்றது இது, வீடு இரவல்தான்.

இதே இடத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பையும் திருத்த வேண்டும். பொதுவாகப் படிக்க மட்டும் இடம் தருவது, மாற்றவும் இடம் தருவது என்னும் இருவகைப் பாரோக்களை ‘மாறா’, ‘மாறும்’ என்ற அடைகளால் பிரிக்கிறார்கள். மொழியின் எழுத்துமுறை இரண்டாம் வகையை ‘மியூட்’ (‘மாற்றத்தக்க’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்) என்று சொல்வதால் வந்த பழக்கம் அது. ஆனால் ஒரே மதிப்புக்கு முதல் வகைச் சுட்டுகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதும், இரண்டாம் வகைச் சுட்டு ஒன்று பயன்பாட்டில் இருக்கையில் வேறெந்தச் சுட்டும் இருக்கக் கூடாது என்பதும்தான் உண்மையான எல்லைக்கோடு. ‘செல்’, ‘ரெஃப்செல்’ போன்ற வகைகளில் முதல் வகைச் சுட்டின் வழியாகவே மதிப்பை மாற்றவும் முடியும் என்பதால், ‘மாறா’ என்ற அடை பொய்யாகவே ஆகிவிடுகிறது. பொது இரவல், தனி இரவல் என்போம். ஒரு வெக்டரின் (உறுப்புகளை வரிசையாக வைக்கும், வளரக்கூடிய பட்டியலின்) உறுப்பைப் பொது இரவலாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதே வெக்டரில் புதிய உறுப்பைச் சேர்க்கத் தொகுப்பி ஏன் மறுக்கிறது என்பது இச்சொற்களில் ஒரே வரியில் அடங்கும்: சேர்ப்பதற்குத் தனி இரவல் வேண்டும், பொது இரவல் நிலுவையில் இருக்கிறது. சேர்க்கும்போது வெக்டர் நினைவகத்தில் வேறிடத்துக்குப் பெயர நேரலாம், அப்போது பழைய சுட்டு வெற்றிடத்தைக் காட்டி நிற்கும் என்ற காரணத்தையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சுட்டு எதுவரை செல்லும் என்பதைக் காட்ட நிரலில் எழுதும் ‘லைஃப்டைம்’ குறியீட்டை ‘ஆயுட்காலம்’ என்று எழுதுவதும் இதே அவசரத்தின் விளைவு. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துவைத்துவிட்டு, அச்சொல் இந்தத் துறையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். ஆயுள் என்று படித்த மாணவர், குறியீட்டைச் சேர்த்தால் மதிப்பு கூடுதல் காலம் உயிரோடு இருக்கும் என்று நம்புகிறார். அக்குறியீடு எதன் வாழ்நாளையும் ஒரு கணம்கூட நீட்டுவதில்லை. எந்த இரவல் எதுவரை செல்லும் என்பதைத் தொகுப்பிக்கு விவரிக்க மட்டுமே செய்கிறது. இரவற்காலம் என்ற சொல் அந்த மயக்கத்துக்கு இடமே வைக்காது.

இரவல் என்ற சொல்லிலும் ஒரு குறை உண்டு. நம் வழக்கில் இரவல் என்றால் திருப்பித் தரும் செயல் ஒன்று இருந்தாக வேண்டும். ரஸ்டில் அப்படியொரு செயல் இல்லை. தொடக்கத்தில் சுட்டு அறிவிக்கப்பட்ட தொகுதியின் அடைப்புக்குறி மூடும்வரை இரவல் நீடித்தது. 2018 டிசம்பரில் 1.31 பதிப்போடு வந்த மாற்றத்துக்குப் பின், சுட்டைக் கடைசியாகப் பயன்படுத்திய வரியோடு அது முடிந்துவிடுகிறது. ஆகவே கற்பிக்கும்போது ‘இரவலைத் திருப்பித் தந்தது’ என்று எழுதாமல் ‘இரவல் முடிந்தது’ என்றே எழுதுகிறேன்.