ஹெக்லிங்: இடைக்கேள்வியா, வாயடைப்பா?

ஓர் அரசியல் கூட்டம். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவிலிருந்து ஒருவர் எழுந்து, "போன தேர்தலில் சொன்னது என்ன ஆச்சு?" என்று உரக்கக் கேட்கிறார். இன்னொரு கூட்டத்தில் ஒரு கும்பல் சேர்ந்து ஊளையிட்டு, பேச வந்தவரை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடாமல் இறக்கி அனுப்புகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஹெக்லிங் என்றே பெயர். நம் செய்திகளிலும் இரண்டும் 'கூச்சல் குழப்பம்', 'அமளி' என்றுதான் வருகின்றன. கேள்வி கேட்டவரையும், யாரும் கேட்க முடியாமல் செய்தவரையும் ஒரே சொல்லில் கட்டிப்போடுவது முன்னவருக்கு இழைக்கும் அநியாயம்.

இந்தச் சொல் பிறந்தது பட்டறையில். ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுத்த நாரை நூற்பதற்கு முன் சிக்கெடுக்க வேண்டும். பலகையில் கூரான இரும்புப் பற்களை நெருக்கமாக நட்டு, அதன்மேல் நார்க்கற்றையை வீசி வீசி இழுப்பார்கள். குட்டை நாரும் சக்கையும் பல்லில் தங்கிவிடும், நீள இழை மட்டும் கைக்கு வரும். அந்தச் சீப்புதான் ஹெக்கிள். அதில் வேலை செய்தவர் ஹெக்லர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஹெக்லர்கள் அரசியல் சூடு மிகுந்தவர்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கை ஓயாமல் வேலை செய்தபடியே காரசாரமாக விவாதிப்பார்களாம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து வழக்கில் இச்சொல் 'கேள்விகளால் துளைத்தெடுத்தல்' என்ற பொருளைப் பெற்றது. பிறகு தேர்தலில் நிற்பவரைப் பொதுக்கூட்டத்தில் மடக்கிக் கேட்பதற்கும் வழங்கலாயிற்று.

நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. "நார் நாராகக் கிழித்துவிட்டார்" என்று நாமும் சொல்கிறோமே! ஆனால் டண்டீச் சீப்பு நாரைக் கிழிப்பதற்கானதல்ல, சிக்கு எடுப்பதற்கானது. சொல்லின் அரசியல் பொருளும் அப்படித்தான் தொடங்கியது.

1905 அக்டோபர் 13, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ஃப்ரீ டிரேட் ஹால் அரங்கம். லிபரல் கட்சிக் கூட்டத்தில் அக்கட்சியின் முன்னணித் தலைவர் எட்வர்ட் கிரே பேசினார். பஞ்சாலைத் தொழிலாளியான ஆனி கென்னியும் பெண் வாக்குரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டும் கேட்டது ஒரே கேள்வி: லிபரல் அரசு பெண்களுக்கு வாக்குரிமை தருமா? பதில் இல்லை. மீண்டும் கேட்டார்கள். இருவரையும் இழுத்து வெளியே தள்ளினார்கள். அங்கே கைதானார்கள், அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். பிரிட்டனில் 1908இல் வந்த பொதுக்கூட்டச் சட்டம், கூட்டம் நடக்கவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு ஒழுங்கீனமாக நடப்பதைக் குற்றமாக்கியது. அதில் எடை 'நோக்கம்' என்ற சொல்லில் இருக்கிறது. வெறுமனே கேள்வி கேட்டாலே குற்றம் என்று அது சொல்லவில்லை.

இதன் கிளைச்சொல் ஒன்று உண்டு: 'ஹெக்லர்ஸ் வீட்டோ'. சிகாகோ சட்டப் பேராசிரியர் ஹாரி கால்வன் 1960களில் கொடுத்த பெயர். எதிர்க்கூட்டம் கலவரம் செய்யும் என்று அஞ்சி, அரசு பேச்சாளரின் வாயையே கட்டிவிடுவது. 1882இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஊர்வலத்தை 'எலும்புக்கூட்டுப் படை' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவர்கள் தாக்கினார்கள், பிணை கொடுத்து அமைதி காக்க வேண்டும் என்ற உத்தரவோ ஊர்வலம் போனவர்களுக்குக் கிடைத்தது! மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1951இல் நேர்மாறாக நின்றது. தெருமுனையில் பேசிய ஃபைனர் என்ற மாணவரைக் கூட்டம் கொதிக்கிறது என்று சொல்லிப் போலீஸ் கைது செய்தது சரியே என்றது. என்னால் அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. மிரட்டியவரை அல்லவா போலீஸ் தடுத்திருக்க வேண்டும்?

சரி, தமிழில் என்ன சொல்வது? நல்ல பொருளுக்கு இடைக்கேள்வி. கேட்பவர் இடைக்கேள்வியாளர். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காது கொடுப்பது இதன் இலக்கணம். பேசவிடாமல் கத்துவதற்கு வாயடைப்பு. அந்தக் கூச்சலைக் காரணம் காட்டி அரசே தடுத்தால் அரசு வாயடைப்பு. 'ஹெக்லர்ஸ் வீட்டோ'வை 'கூச்சலாளர் ரத்து அதிகாரம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யார் நாவிலும் நிற்காது. பிறப்பையும் உடலையும் இழுப்பது வசவு, கை வைப்பேன் என்பது மிரட்டல். இவற்றுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை.

அவையில் எதிர்க்கேள்வி வரும் என்பது நம் மரபுக்குத் தெரிந்ததுதான். "ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு" என்கிறது குறள். இங்கே மாற்றம் என்றால் மறுமொழி. இடைக்கேள்விக்குப் பேச்சாளர் தர வேண்டியது அது.

மான்செஸ்டர் செய்தியை இன்று தமிழில் எழுதுவதானால், 'கூட்டத்தில் பெண்கள் அமளி' என்று தலைப்பிடக் கூடாது. 'இடைக்கேள்வி கேட்ட இரு பெண்களுக்கு வாயடைப்பு' என்றுதான் எழுத வேண்டும்.