விளம்பரப் பணமா, சம்பளமா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கையெழுத்துப் போடும் முன்

2021 ஜூலை 1க்கு முன், அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடும் மாணவர் ஊரில் ஒரு கடைத் திறப்பு விழாவுக்குப் போய் நூறு டாலர் வாங்கியிருந்தால்கூட ஆடும் தகுதியே போய்விடக்கூடும். அவர் ஆடும் ஆட்டத்தை ஒளிபரப்பிக் கல்லூரியும் கான்ஃபரன்ஸும் (கல்லூரிகள் சேர்ந்து அமைக்கும் போட்டிக் கூட்டமைப்பு) கோடிக்கணக்கில் சம்பாதிக்கலாம். அவர் வாங்கக் கூடாது. இந்த விதியை உடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓ'பானன் தன் சாயலில் ஒரு பாத்திரத்தை வீடியோ கேமில் கண்டு 2009இல் வழக்குப் போட்டார். 2019இல் கலிஃபோர்னியா தனிச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனால் அதற்குப் பிறகு பழைய தடையைத் தாங்கிப் பிடிக்கும் துணிவு என்சிஏஏவுக்கு இல்லை. பத்தே நாளில் கதவு திறந்தது.

பெயர், படம், சாயல் ஆகிய மூன்றையும் விற்கும் இந்த உரிமையைத்தான் எல்லோரும் என்ஐஎல் என்கிறார்கள். மாணவருக்குப் பணம் வந்ததில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அது வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆட்டத்தின் சமநிலையைக் குலைத்தது, விளம்பரம் என்ற பெயரில் கொடுக்கப்படும் சம்பளம். ஷூ கம்பெனி ஒரு வீராங்கனையின் முகத்தை வைத்து ஷூ விற்றால் அது விளம்பரம். பணக்கார ரசிகர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்று ஒரு அமைப்பை வைத்து, குறிப்பிட்ட கல்லூரிக்கு வந்தால் இவ்வளவு என்று பேசிவிட்டு, பெயருக்கு இரண்டு இன்ஸ்டாகிராம் பதிவு கேட்டால் அது சம்பளம்தான். தொழில்முறை லீகுகளில் சம்பளத்துக்கு ஒப்பந்தக் காலம் உண்டு, உச்சவரம்பு உண்டு, வீரர் சங்கம் உண்டு. இங்கே முதல் நான்கு ஆண்டுகள் இந்த மூன்றும் இல்லாமல் பணம் மட்டும் ஓடியது.

கூடவே கட்டுப்பாடற்ற கல்லூரி மாற்றமும் வந்து சேர்ந்தது. முன்பு வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒரு முறை மட்டும் மாறலாம் என்றார்கள். 2024இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பின், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. அதே 2024 பிப்ரவரியில் டென்னசி, விர்ஜினியா மாநிலங்கள் தொடுத்த வழக்கில், பணத்தைக் காட்டி ஆள் சேர்ப்பதைத் தடுக்கும் விதியையும் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பணமும் மாறும் சுதந்திரமும் ஒன்றாகச் சேர்ந்ததும் ஒவ்வொரு பருவ முடிவும் ஏலம் போலாகிவிட்டது.

நாற்றங்கால் ஆன கல்லூரிகள்

அமெரிக்கக் கால்பந்தில் வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கல்லூரிகள் யாரும் கண்டுகொள்ளாத கேம் வார்டு, இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய கல்லூரியிலிருந்து அங்கே வந்து இரண்டு பருவம் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆடித் தேறினார். 2024இல் மயாமிக்குப் போனார். தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் புது வீரர்களைப் பொறுக்கும் 2025 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். அவர் இடத்தில் ஜான் மட்டீர் ஒரே பருவத்தில் பேர் வாங்கினார். 2024 டிசம்பரிலேயே ஓக்லஹோமா அவரை அழைத்துக்கொண்டது. நாற்று விட்டது ஒருவர் வயல், அறுவடை இன்னொருவர் வயல். பயிற்சியாளர் இரண்டு ஆண்டு செலவிட்டு ஒரு பையனை உருவாக்கினால், அந்த உழைப்பைக் காக்க அவரிடம் எதுவும் இல்லை. அப்படியானால் பதினெட்டு வயதுப் பையனைச் சேர்த்து வளர்ப்பானேன், வேறு இடத்தில் வளர்ந்த இருபத்திரண்டு வயது ஆளை வாங்கிவிடலாமே என்ற எண்ணம் வருகிறது. பள்ளியிலிருந்து நேராக வரும் மாணவருக்கு இடம் சுருங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

கூடைப்பந்தில் பாதிப்பு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. ஐந்து பேர் ஆடும் ஆட்டம். இரண்டு பேரைத் தூக்கினாலே ஒரு அணி காலி. 2022 மார்ச் மாதத் தேசியப் போட்டியில் தன் பிரிவில் 15ஆம் தரவரிசையில் நுழைந்த செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி கடைசி எட்டு வரை வந்து நாட்டையே வியக்க வைத்தது. அதன் பின் பயிற்சியாளர் பெரிய கல்லூரிக்குப் போனார், முக்கிய வீரர்களும் கலைந்து போனார்கள். 2025 ஆண்கள் போட்டியில் கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய கான்ஃபரன்ஸுகளிலிருந்து வந்தவை; அவற்றில் ஒன்றான எஸ்இசியிலிருந்து மட்டும் ஏழு. கடைசி நான்கும் தத்தம் பிரிவில் முதல் தரவரிசை பெற்ற அணிகள். மார்ச் மாதப் போட்டியின் அழகே சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்ப்பதில்தான் இருக்கிறது. அது இப்படியே தேய்ந்தால் இழப்பு ரசிகருக்கும்தான். அதே ஆண்டு அந்தப் போட்டி வரை வந்த செயின்ட் ஃபிரான்சிஸ், தோற்ற சில நாட்களிலேயே, ஸ்காலர்ஷிப் கொடுக்காத மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாக அறிவித்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கால்பந்தில் (அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறோம்) பழைய ராஜாக்களின் பிடி தளர்ந்திருக்கிறது. முன்பு அலபாமாவில் மூன்றாம் வரிசையில் காத்திருக்கும் திறமைசாலி இப்போது வேறு கல்லூரியில் முதல் வரிசையில் ஆடுகிறார். நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து மாறி வந்த டியேகோ பாவியாவை வைத்து 2024 அக்டோபரில் வாண்டர்பில்ட், நாட்டின் முதலிட அணியான அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. தோல்விக்கே பேர் போன இந்தியானா 2025 பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்றது. பணம் மட்டும் வெற்றியைத் தராது என்பதற்கும் சான்று இருக்கிறது: 2024இல் தன் அணிக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவானதாக ஒஹாயோ ஸ்டேட்டே சொன்னது. அந்த அணி தேசியப் பட்டம் வென்றது உண்மை. அதற்கு முன் சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றதும் உண்மை. மொத்தத்தில் உச்சியில் கூட்டம் கூடியிருக்கிறது. ஏணியின் நடுப்படிகள்தான் உடைந்துகொண்டிருக்கின்றன.

2025க்குப் பின் பணம் வரும் வழி

மாணவ வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பழைய மாணவர்களுக்கு இழப்பீடாக ஏறத்தாழ 280 கோடி டாலர். 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே நேரடியாக வருமானத்தைப் பங்கிடலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகளில் பரவலாகப் பேசப்படும் பங்கீடு: கால்பந்துக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து 5. அந்தக் கடைசி 5 என்பது சுமார் 10 லட்சம் டாலர். டென்னிஸ், நீச்சல், தடகளம், வாலிபால் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெண்களுக்குச் சம உரிமை கோரும் 1972ஆம் ஆண்டு டைட்டில் நைன் சட்டத்தைக் காட்டி, இழப்பீட்டுப் பங்கீட்டை எதிர்த்துப் பெண் வீராங்கனைகள் மேல்முறையீடு செய்ததில் ஆச்சரியமில்லை.

ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆண்கள் டென்னிஸில் முன்பு மொத்தம் நாலரை ஸ்காலர்ஷிப். அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரியில் அணிக்குப் பத்துப் பேர், பத்துப் பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். 'தரலாம்' என்றால் 'தருவார்கள்' என்று பொருளில்லை. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008இல் விர்ஜினியாவுக்காக என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்ற வழியிலேயே, மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறார். அந்த வழியில் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை இவை: அந்தப் பத்தில் என் பிள்ளை எத்தனையாவது? ஸ்காலர்ஷிப் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுக்கு? அணியிலிருந்து எடுக்கப்பட்டால் அது தொடருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வெளியாரிடமிருந்து வரும் விளம்பர ஒப்பந்தம் 600 டாலரைத் தொட்டால், என்ஐஎல் கோ என்ற தளத்தில் ஐந்து வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும். டெலாய்ட் நிறுவனம் நடத்தும் இந்தத் தளத்தில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: பணம் தருபவர் கல்லூரியோடு தொடர்புள்ளவரா, உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, இதே நிலையில் உள்ள மற்றவர்கள் வாங்கும் தொகையோடு இது ஒத்துப்போகிறதா. அதிகம் சிக்கும் ஒப்பந்தம், உரிமையை வாங்கிக் கிடப்பில் போடுவது. 'எதிர்காலத்தில் பயன்படுத்துவோம்' என்று மட்டும் எழுதி, எந்தப் பொருளுக்கு, எத்தனை பதிவு, எந்தத் தேதியில் என்று இல்லாவிட்டால் ஒப்புதல் கிடைப்பது கடினம். பதியாமல் ஆடினால் தகுதிக்கே ஆபத்து.

ஒப்பந்தத்தின் எந்த வரியில் வழுக்குகிறது

முதலாவது, ரத்து செய்யும் உரிமை. பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜேடன் ரஷாடாவுக்கு ஃபுளோரிடா கல்லூரியின் கலெக்டிவ் 2022இல் பேசிய தொகை 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அந்த ஒப்பந்தம் சில வாரங்களில் ரத்தானது. அவர் வேறு கல்லூரிக்குப் போனார், 2024இல் வழக்குப் போட்டார். எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு தரப்பு மட்டும் விலகலாம் என்ற பிரிவு இருந்தால், மேலே எழுதிய தொகைக்கு மதிப்பே இல்லை. விலகல் இரு தரப்புக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதுவரை செய்த வேலைக்குப் பணம் வர வேண்டும்.

அடுத்து வாய்ப்பேச்சு. 2024 செப்டம்பரில் யுஎன்எல்வி அணி மூன்று ஆட்டமும் வென்றிருந்தபோது அதன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்றது அவர் தரப்பு. அப்படி முறையான ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றது மறுதரப்பு. உதவிப் பயிற்சியாளர் போனில் சொன்னது ஒப்பந்தம் ஆகாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பிற்காலச் சம்பாத்தியத்தில் பங்கு கேட்கும் பிரிவு. ஃபுளோரிடா கால்பந்து வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, என்எஃப்எல் வருமானத்தில் 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்டார்; 2023இல் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அது கடனைவிட மோசமான ஏற்பாடு. கடனை அடைத்தால் தீர்ந்துவிடும், இது தீராது. 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'எல்லா ஊடகங்களிலும்' என்ற சொற்கள் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உரிமைக் காலம் ஓராண்டு, அதிகம் போனால் கல்லூரியில் ஆடும் காலம் வரை. ஏஜெண்ட் கமிஷனையும் பாருங்கள்: என்எஃப்எல் சம்பள ஒப்பந்தத்தில் வீரர் சங்கம் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்க விடாது; கல்லூரி மட்டத்தில் 20 கேட்பவர்களும் உண்டு.

சில்லறைச் சிக்கல்கள்: அனுமதியில்லாமல் கல்லூரி லோகோவோடு படம் எடுப்பது, கல்லூரி ஒரு ஷூ பிராண்டோடு இருக்கும்போது போட்டி பிராண்டை அணிவது, சூதாட்டம், மது விளம்பரம்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகும் மாணவர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். 2021இல் விளையாட்டு விதிதான் மாறியது. விசா விதி மாறவில்லை. எஃப்-1 மாணவர் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். போட்டோஷூட், ஆட்டோகிராஃப் நிகழ்ச்சி, பணத்துக்குப் போடும் பதிவு எல்லாம் வேலையாகக் கருதப்படக் கூடியவை. பதிவுக்குப் பதிலாகக் கிடைக்கும் இலவச ஷூவும் கூலிதான். அங்கேயே பிறந்து வளர்ந்த அணித்தோழி செய்கிறாளே என்று உங்கள் மகள் செய்தால் விசா நிலையே பறிபோகலாம். கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே காங்கோ நாட்டவர்; 2022இல் அணி பஹாமாஸ் சென்றபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே தன் விளம்பர வேலைகளை முடித்தார். விடுமுறைக்கு ஊர் வரும்போது படம் எடுத்து, ஊரிலிருந்தே பதிவிடுவது அதே வழிதான். அப்போதும் ஒப்பந்தத்தில் வேலை நடக்கும் இடத்தையும் தேதிகளையும் எழுதி, பாஸ்போர்ட் முத்திரையோடு ஆதாரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரியும் இரு பிரிவினருக்கும் வேறு. அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ என்றால் இது சுயதொழில் வருமானம். 10,000 டாலர் ஒப்பந்தத்தில் ஏஜெண்டுக்கு 1,500 போக மீதி 8,500. அதில் சுயதொழில் வரி மட்டும் ஏறத்தாழ 1,200. இதற்கு மேல் வருமான வரி, மாநில வரி. கால் பங்குக்கு மேல் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 தவணைகளில் கட்ட வேண்டும். எஃப்-1 மாணவர் பெரும்பாலும் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிக்கணக்கில் வெளிநாட்டவர். சுயதொழில் வரி இல்லை, ஆனால் அமெரிக்காவில் ஈட்டும் ராயல்டியில் (பெயரையும் படத்தையும் பயன்படுத்தத் தரும் தொகை) 30 சதவீதம் பிடிக்கப்படலாம். வெளிநாட்டவருக்கான வரிப் படிவங்களான டபிள்யூ-8பிஇஎன், 1040-என்ஆர் இரண்டும் தெரிந்த கணக்காளரைப் பிடியுங்கள்.

அரசு உதவித்தொகை வாங்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்று. அந்த உதவிக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ விண்ணப்பம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கும். முதலாம் ஆண்டில் வந்த விளம்பரப் பணம், மூன்றாம் ஆண்டில் உதவித்தொகையைக் குறைக்கலாம். அதற்குள் பணம் செலவாகியிருக்கும். ஒப்பந்தம் கைக்கு வந்தவுடன், கையெழுத்துக்கு முன், அதன் நகலைக் கல்லூரியின் விளையாட்டு விதி அலுவலகம், நிதி உதவி அலுவலகம் இரண்டுக்கும் அனுப்புங்கள். விசா மாணவர் என்றால் விசாவுக்கான ஐ-20 படிவம் கொடுத்த சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் அனுப்பி, பதில் மின்னஞ்சலில் வரும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.