தொப்பூர் கணவாயும் நியூட்ரல் கியரும்

ஓசூரில் இருந்து சேலத்துக்குக் காரில் வருபவர்களில் பலருக்குத் தாங்கள் மலை இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே வருவதில்லை. ஏற்காட்டுப் பாதையில் இருப்பதுபோலக் கொண்டை ஊசி வளைவுகள் இங்கே இல்லை. நான்கு வழிச் சாலை, நடுவில் தடுப்பு, இருபுறமும் வெள்ளைக் கோடு என்று எல்லாமே சமவெளிச் சாலையின் தோற்றம்தான். ஆனால் ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி 460 மீட்டர் சொச்சம், சேலம் 280 மீட்டர் சொச்சம். சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரிக்குள் வரும்போதே ஒரு படி இறங்கிவிடுகிறோம். அடுத்த படி தருமபுரிக்குத் தெற்கே, பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்ததும் தொடங்குகிறது. அதுதான் தொப்பூர் கணவாய்.

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என் தொழில். விபத்து நடந்த இடத்தை அளப்பது, சாலையில் குறை இருந்தால் எழுதிக் கொடுப்பது, நொறுங்கிய வண்டியைப் பார்வையிடுவது எல்லாம் இதில் அடங்கும். தொப்பூர் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ‘பிரேக் பிடிக்காததால்’ என்ற ஒரே சொற்றொடர் தவறாமல் வந்துவிடுகிறது. அந்தப் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அதற்கு விடை சொல்ல, முதலில் இந்தச் சாலையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. சேர்வராயன் மலைக்கு மேற்கே, மலைகளுக்கு இடையில் இயற்கை விட்டுவைத்த திறப்பு இது. அதியமான்கள் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான்கோட்டை என்ற ஊர் இன்றும் இதே சாலையில், தருமபுரிக்குத் தெற்கே இருக்கிறது. மேட்டு நிலத்தில் இருந்து சேலம் சமவெளிக்கு வர நினைத்த யாருக்கும் இந்தத் திறப்புதான் வசதியான வழி. மூன்றாம் மைசூர்ப் போரின் தொடக்கத்தில், 1790-இல், திப்பு சுல்தானின் படை தெற்கே இறங்கியதும் இதன் வழியாகத்தான். ஜெனரல் மெடோஸின் கும்பினிப் படை அதன் பின்னாலேயே வந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, பாராமகால் என்று அப்போது அழைத்த இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி வேலை பார்த்தார்கள்.

மாட்டு வண்டி போன தடத்தில் பஸ் போனது. பஸ் போன தடம் தேசிய நெடுஞ்சாலை ஆனது. வாரணாசியில் இருந்து கன்னியாகுமரி வரை ஓடிய பழைய என்.எச். 7-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2010-இல் எண்களை மாற்றி அமைத்தபோது, ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரையான என்.எச். 44-இன் பகுதியாக இது மாறியது. வடக்கு - தெற்குப் பெருவழித் திட்டத்தில் நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தியதுதான் கடைசிப் பெரிய மாற்றம்.

அகலப்படுத்தினார்கள், இறக்கம் இறக்கமாகவே இருக்கிறது. சமவெளிச் சாலைகளுக்கு நம் நாட்டில் வெகுகாலம் வழக்கில் இருந்த அளவு, முப்பது மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் சரிவு. மலைப்பாங்கான இடத்தில் அதற்கு மேலும் அனுமதி உண்டு. தொப்பூரை ரயில் கடப்பதைப் பார்த்தால் இந்த நிலத்தின் குணம் புரியும். அவ்வளவு சரிவில் ரயில் ஏறாது என்பதால், முத்தம்பட்டிக் காட்டுக்குள் வளைந்து நெளிந்து, தூரத்தைக் கூட்டிக்கொண்டுதான் சிவாடிக்குப் போய்ச் சேர்கிறது. சாலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. குறுகலான பழைய சாலையில் பயந்து பயந்து இறங்கிய லாரிக்கு, அகலமான புதிய சாலை தைரியம் கொடுத்துவிட்டது. என்னைக் கேட்டால், சாலை எவ்வளவு நல்லதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு இந்த இறக்கத்தில் ஆபத்து கூடியிருக்கிறது.

போக்குவரத்து எவ்வளவு என்பதற்கு வரைபடமே போதும். பெங்களூரில் இருந்து மதுரை, திருநெல்வேலிக்குப் போகும் சரக்கு இந்த வழியாகத்தான் போகிறது. சேலத்தில் பிரிந்து கோவை, கொச்சிக்குப் போகும் சரக்குக்கும் இதுதான் வழி. தொப்பூரிலேயே பிரிந்து மேட்டூர், பவானி வழியாக ஈரோட்டுக்குப் போகும் சாலையும் இருக்கிறது. இப்போது ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் என்.எச். 844-உம் வந்து சேர்கிறது. அத்தனையும் ஒரே இறக்கத்தில்.

இனி, பிரேக் விவகாரம். 40 டன் எடையுள்ள வண்டி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த எடை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பிரேக்கை மட்டுமே நம்பி, வேகம் கூடாமல் இறங்கினால் ஏறத்தாழ அத்தனையும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பிரேக் டிரம்களில் வெப்பமாக இறங்கும். கணக்குப் போட்டால் சுமார் 39 மெகாஜூல் வருகிறது. நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. சில நிமிடங்களில், சில இரும்பு டிரம்களுக்குள். சூடேறிய டிரம் விரிகிறது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனிங் அதைத் தொட இன்னும் கொஞ்ச தூரம் நகர வேண்டியிருக்கிறது. லைனிங்கும் சூடேறி வழுவழுப்பாகி உராய்வை இழக்கிறது. டிரைவர் மிதியை அடிவரை அழுத்துகிறார். வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் ‘பிரேக் பெயிலியர்’ என்று எழுதுகிறோம். கிளம்பும்போது அந்தப் பிரேக் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வண்டி கியரில் இருந்தால் நிலைமையே வேறு. எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தப் பார்க்கும். அதோடு, புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினின் பிடியைக் கூட்டும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டால் பிரேக் டிரம்களின் சுமை வெகுவாகக் குறையும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லாத நியூட்ரலில் விட்டால் இந்த உதவி மொத்தமும் போய்விடுகிறது. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. அது தற்கொலைக்குச் சமம். ஏர் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் எஞ்சினால்தான் ஓடுகிறது. எஞ்சின் நின்றால் டேங்கில் இருக்கும் காற்றோடு சரி. ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

விபத்துக்குப் பின் வண்டியைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது கியர் தண்டு நிற்கும் இடத்தை. மோதிய வேகத்தில் அது நகர்ந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அதனால் சக்கரத்தைக் கழற்றச் சொல்வேன். அளவுக்கு மீறிச் சூடேறிய டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்து கிடக்கும். மேலே மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். லைனிங்கைக் கையால் தடவினால் கண்ணாடி போல வழுக்கும். காற்றுக்குழாய் அறுந்ததா, டேங்கில் கசிவு உண்டா என்றும் பார்ப்போம். அதெல்லாம் சரியாக இருந்து, எல்லாச் சக்கரங்களிலும் டிரம் ஒன்றுபோல நீலமாக இருந்தால் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஏன் நியூட்ரலில் விட்டீர்கள் என்று டிரைவரிடம் கேட்டால் டீசல் மிச்சம் என்பார். கிலோமீட்டர் கணக்கில் டீசல் அளந்து கொடுத்து, மிச்சம் பிடித்தால் உனக்கு என்று சொல்லி அனுப்பும் முதலாளிகள் இருக்கும்வரை இந்தப் பதிலும் இருக்கும். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் அந்தக் கணக்கே தப்பு. இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரலால் மிச்சமாவது ஒன்றுமில்லை. பிரேக் லைனிங் செலவு தனி.

எடையும் கூடியிருக்கிறது. 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 25 டன்னில் இருந்து 28.5 டன்னாக ஆனது. அதற்கு மேல் ஏற்றுவது வேறு கதை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரித் தொழிலின் ஊர்கள். அந்த ஊர்ப் பழைய டிரைவர்களுக்குத் தொப்பூர் எங்கே தொடங்குகிறது, கட்டமேட்டில் எப்படித் திரும்ப வேண்டும், இரட்டைப் பாலத்துக்கு முன் என்ன வேகத்தில் இருக்க வேண்டும் என்பது அத்துப்படி. முதல்முறை இந்த வழி வருபவருக்குத்தான் எச்சரிக்கை தேவை. அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் பல மொழிகளில் பலகை வைப்பது நல்லதுதான். ஆனால் பலகை எங்கே நிற்கிறது என்பது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட முக்கியம். லோடு வண்டி இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு கீழ் கியருக்கு மாற்றப் போனால் கியர் விழாது, நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும். முடிவு எடுக்க வேண்டிய இடம் பாளையம் சுங்கச்சாவடி. முன்பு பணம் கொடுக்க நின்ற லாரி முதல் கியரில் கிளம்பும்; இறக்கம் வரும்போது வேகம் மட்டாக இருக்கும். ஃபாஸ்டேக் வந்தபின் அந்த நிறுத்தம் பெயரளவுக்குத்தான். ஃபாஸ்டேக் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவடியைத் தாண்டியதும் கனரக வண்டிகள் ஒதுங்கி நின்று, காற்றழுத்தம் பார்த்து, கியரைப் போட்டுக்கொண்டு கிளம்ப ஓர் இடமும், அதைக் கண்டிப்பாகச் செய்ய வைக்கும் ஆளும் வேண்டும் என்கிறேன். கட்டுக்கடங்காமல் வரும் வண்டி ஏறிப் புதைந்து நிற்க, தளர்வான சரளைக் கற்களைக் கொட்டிய தப்பிக்கும் தடம் உலகத்தில் பல மலைச் சாலைகளில் இருக்கிறது.

இறக்கப் பகுதியில் உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. சரிவும் வளைவும் தணிந்தால் பெரிய உதவி. அது முடிந்து வண்டிகள் ஓடும்வரை இதே சாலைதான்.

லாரிக்காரர்களுக்கான விதி பழையது: எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். வேகம் கூடினால் அழுத்தமாகப் பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, டிரம் ஆற விடுங்கள். மிதியில் காலை வைத்துக்கொண்டே மெல்ல மெல்லத் தேய்த்து இறங்குவதுதான் டிரம்மை எரிப்பது. கருகிய வாசனை வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம்தானே என்று ஓட்டாமல் அப்போதே ஓரம் கட்ட வேண்டும். சூட்டோடு டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும்.

காரில் வருபவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று இங்கே வரிசையாக நின்ற வண்டிகள் மேல் மோதி நான்கு பேர் இறந்தார்கள். முன்னால் ஏதோ சிறு விபத்து, வண்டிகள் நிற்கின்றன, பின்னால் இறக்கம். தொப்பூரில் மிக மோசமான நிலை இதுதான். இறக்கத்தில் வரிசையில் நிற்க நேர்ந்தால் முன்வண்டியை ஒட்டி நிற்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒடித்து ஓரத்துக்குப் போகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். நான்கு விளக்கையும் எரியவிட்டு, பின்கண்ணாடியில் ஒரு கண் வையுங்கள். விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு, முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி வரும் லாரி திமிரில் வருவதாக நினைத்து வழிவிட மறுக்காதீர்கள். வண்டி பழுதாகி நின்றால் உள்ளே உட்கார்ந்திருக்காமல் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொண்டு 1033-க்குப் பேசுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது. அடிபட்டவர் இருந்தால் 108.