பாரம் ஏற்றிய வள்ளத்துக்கு எந்தப் புரொப்பல்லர்?

படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினுக்குப் புரொப்பல்லர் வாங்கப் போனால், எஞ்சின் என்ன கம்பெனி, எத்தனை எச்.பி. என்று கேட்பார்கள். வள்ளத்தில் எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. ஆனால் எது பொருந்தும் என்று முடிவு செய்வதில் எச்.பி.க்கு எவ்வளவு பங்கு உண்டோ, பாரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ஒரே 9.9 எச்.பி. எஞ்சினை இரண்டு பேர் உட்காரும் இலேசான படகிலும் மாட்டலாம். நெல்லைக் கடற்கரையில் உவரியிலோ கூத்தங்குழியிலோ ஐந்து பேர், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு அலையைக் கடந்து போகிற ஃபைபர் வள்ளத்திலும் மாட்டலாம். எஞ்சினோடு பெட்டியில் வருகிற புரொப்பல்லர் இந்த இரண்டுக்கும் ஒரேபோலப் பொருந்தாது.

புரொப்பல்லரின் நடுக்குடத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும், 9¼ × 8 என்பது போல. இரண்டும் அங்குலக் கணக்கு. முதல் எண் விட்டம், அதாவது இறக்கைகளின் முனை சுற்றி வருகிற வட்டத்தின் அகலம். இரண்டாவது எண் பிட்ச். தண்ணீர் துளியும் நழுவாத கெட்டிப் பொருளாக இருந்தால், புரொப்பல்லர் ஒரு முறை சுற்றும்போது எவ்வளவு தூரம் முன்னேறுமோ அதுதான் பிட்ச். இறக்கை சாய்வாக இருந்தால் பிட்ச் அதிகம், தட்டையாக இருந்தால் குறைவு.

இறக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது முறுக்கிக்கொண்டு இருப்பது தெரியும். குடத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்தும் முனையில் படிந்தும் இருக்கும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் நிற்கிற காற்றாலைகளின் இறக்கையிலும் இதே முறுக்குதான். ஒரு சுற்றில் முனை பெரிய வட்டம் போகிறது, அடிப்பகுதி சின்ன வட்டம் போகிறது. இரண்டும் ஒரே அளவு முன்னேற வேண்டுமென்றால் சாய்வு வேறுபட்டே ஆக வேண்டும். காற்றாலை ஓடுகிற காற்றிலிருந்து சக்தியை எடுக்கிறது, புரொப்பல்லர் சக்தியைக் கொடுத்துத் தண்ணீரை ஓட வைக்கிறது. கணக்கு ஒன்றே, திசை மட்டும் மாறுகிறது.

சரி, தண்ணீர் நழுவாமல் இருக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,200 சுற்று ஓடுகிறது. 9.9 எச்.பி. எஞ்சின்களில் 2.08:1 என்ற கியர் விகிதம் சாதாரணமாகக் காணப்படுவது, அதாவது எஞ்சின் 2.08 சுற்று ஓடினால் புரொப்பல்லர் ஒரு சுற்று. அப்படியானால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றும். பிட்ச் 8 அங்குலம் என்றால் நிமிடத்துக்கு 20,000 அங்குலம், அதாவது 508 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 16.5 கடல் மைல். ஆனால் பாரம் ஏற்றிய வள்ளம் ஜிபிஎஸ்ஸில் 6.5 கடல் மைல் வேகம்தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 சதவீதம் நழுவல். இதைத்தான் மெக்கானிக்குகள் ஸ்லிப் என்கிறார்கள். தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடுகிற இலேசான விரைவுப்படகில் இது 10 முதல் 20 சதவீதத்துக்குள் நின்றுவிடும்.

நழுவலே இல்லாத புரொப்பல்லர் கிடையாது. தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் வள்ளம் முன்னால் போகும், தள்ளப்பட்ட தண்ணீர் ஓடத்தான் செய்யும். எவ்வளவு தண்ணீரை, எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு விநாடிக்கு 100 கிலோ தண்ணீரை விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினால் 400 நியூட்டன் உந்துவிசை கிடைக்கும். 200 கிலோ தண்ணீரை 2 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 400 நியூட்டன்தான். வள்ளத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஓடுகிற தண்ணீரோடு வீணாகப் போகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் வழியில் விநாடிக்கு 800 ஜூல் வீண், இரண்டாவது வழியில் 400 ஜூல். அதே தள்ளலுக்கு வீண் பாதியாகிவிட்டது. வில்லியம் ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1865-ல் இந்த அடிப்படையில்தான் புரொப்பல்லர் கணக்கை எழுதினார். மெதுவாகப் போகிற, கனமான வள்ளத்துக்குப் புரொப்பல்லர் தேடுகிறவர் வேறு எதையும் மனதில் வைக்காவிட்டாலும் இந்த ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்: கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட, நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது மேல்.

வள்ளம் ஏன் மெதுவாகப் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஓடுகிற வள்ளம் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் வள்ளத்தின் நீளத்தை எட்டியதும், அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஒரு முகடும் பின்பக்கம் ஒரு முகடுமாக வள்ளம் நடுப்பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் தன் அலையின் மேலேயே ஏற வேண்டும். அதற்கு ஏராளமான சக்தி தேவை. தண்ணீரில் படுகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் இந்த எல்லை மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். 25 அடிக்கு 6.7. ஒடுக்கமான வள்ளம் இதைச் சற்றே மீறும், பாரம் குறைந்தால் இன்னும் கொஞ்சம் மீறும். ஆனால் நனைந்த வலையும் மீனுமாகத் திரும்புகிற வள்ளம் இதைச் சுற்றியேதான் நிற்கும். அந்த வேகத்துக்கு 11, 12 அங்குலப் பிட்ச் எந்த வேலையும் செய்யாது. கியரும் எஞ்சினும்தான் திணறும்.

திணறல் என்றால் என்ன நடக்கிறது? எஞ்சினின் திறன் முறுக்குவிசையையும் சுற்று எண்ணிக்கையையும் பெருக்கி வருவது. நான்கு ஸ்ட்ரோக் 9.9 எஞ்சின்களில் பலவற்றுக்கு முழுத் திராட்டிலில் 5,000 முதல் 6,000 சுற்று ஓட வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். பிட்ச் அதிகமாகி 4,200-லேயே நின்றுவிட்டால், 9.9 எச்.பி.க்குக் காசு கொடுத்துவிட்டு அதைவிட மிகக் குறைந்த திறனைத்தான் வாங்குகிறோம். நட்டம் அதோடு முடிவதில்லை. திராட்டில் முழுக்கத் திறந்திருப்பதால் எரிபொருள் நிறைய உள்ளே போகிறது, பிஸ்டனோ மெதுவாக நகர்கிறது. சூடு ஏறுகிறது, கரி படிகிறது, நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பி வெடிக்கிற தட்டல்) வருகிறது. குளிர்விக்கும் கடல் நீரை இழுக்கிற பம்பும் எஞ்சின் தண்டோடுதான் சுற்றுகிறது, எனவே சூடு கூடும் நேரத்திலேயே தண்ணீர் குறைகிறது. மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட எளிதாக நாக்கிங்குக்கு ஆளாகும், கரியும் அதிகம் விடும். எஞ்சின் சீக்கிரம் போய்விட்டது என்று நொந்துகொள்கிறவர்கள் முதலில் புரொப்பல்லரின் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிறையத் தண்ணீரைப் பிடிக்க வழி, விட்டத்தைக் கூட்டுவது. 9 அங்குலம் 10 ஆனால் வட்டத்தின் பரப்பு 23 சதவீதம் கூடும். ஆனால் புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டு இடம் விட்டால்தானே? அதில் இடிக்காத பெரிய அளவு எதுவோ அதோடு நிறுத்த வேண்டியதுதான். அதனால்தான் எஞ்சின் வாங்கும்போதே கியர் விகிதத்தைக் கேட்க வேண்டும் என்கிறேன். ஹை த்ரஸ்ட், அதாவது அதிக உந்துவிசை, என்று தனி வகை வருகிறது. 9.9 எச்.பி.யில் ஒன்றுக்கு விகிதம் 2.92:1. அதே 5,200 சுற்றில் புரொப்பல்லர் 1,780 முறைதான் சுற்றும், ஆனால் கீழ்ப்பகுதி பெரியது, பெரிய விட்டம் உள்ள புரொப்பல்லரை ஏற்கும். பாரம் இழுக்கிற வள்ளத்துக்கு இதுவே பொருத்தம். விலையும் எடையும் கூடுதல், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கையில் ஏற்கெனவே எஞ்சின் இருக்கிறது, விட்டத்தை மாற்ற வழியில்லை என்றால் மிஞ்சுவது பிட்ச்தான். எவ்வளவு குறைப்பது? அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. கைப்பிடி எஞ்சின்களில் சுற்றை எண்ணிக் காட்டுகிற டாக்கோமீட்டர் பெரும்பாலும் இருப்பதில்லை. பிளக் வயரில் சுற்றிவிடுகிற சின்ன டிஜிட்டல் டாக்கோமீட்டர் போதும். சில எஞ்சின்களில் பிளக் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விடும், சிலவற்றில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. அதைச் சரியாக அமைக்காவிட்டால் எண் இரண்டு மடங்கு மாறிக் காட்டும். காற்று எழும்பாத விடியற்காலையில், வழக்கமான முழுப் பாரத்தோடு தூண்டில் வளைவை (கடலுக்குள் நீளும் கல் தடுப்பை) தாண்டிப் போய், முழுத் திராட்டிலில் ஒரு முறை நீவாடு எனும் கடல் நீரோட்டத்தோடும் ஒரு முறை நீவாட்டுக்கு எதிராகவும் ஓட்டி, சுற்றையும் ஜிபிஎஸ் வேகத்தையும் குறித்து சராசரி எடுக்க வேண்டும். வெறும் வள்ளத்தில் பார்த்தால் வருகிற எண்ணால் பயனில்லை.

சுற்று 5,000-க்குக் கீழே நின்றால் பிட்சைக் குறைக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. அது பெரிய எஞ்சின்களுக்கே பொருந்தும். 19 அங்குலப் பிட்சில் ஓர் அங்குலம் என்பது ஐந்து சதவீதம், 8 அங்குலத்தில் அதுவே பன்னிரண்டரை சதவீதம். ஆகவே சின்ன எஞ்சினில் ஒரே அங்குலத்தில் பெரிய மாற்றம் தெரியும். முழுப் பாரத்தில் 5,500-ஐ ஒட்டி வந்தால் நல்லது. வெறும் வள்ளத்தில் 6,000-ஐத் தாண்டப் பார்க்கும், அப்போது திராட்டிலைத் தளர்த்திக்கொள்ள வேண்டியதுதான். வெறுமையாக ஓடும்போது கொஞ்சம் வேகம் போனாலும், பாரத்தோடு ஓடும்போது எஞ்சின் பிழைக்கிறது.

மூன்று இறக்கையா நான்கா என்றால், நான்கில் பிடிமானம் கூடும், அதிர்வு குறையும். அதே விட்டத்தில் நான்குக்கு மாறினால் பிட்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்குவது வழக்கம். கச்சான் காற்று ஓங்கி வீசுகிற ஆனி, ஆடியில் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும்போது புரொப்பல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். அகலமான இறக்கை இதைத் தாங்கும், ஆனால் முழுத் தீர்வு உயரத்தில் இருக்கிறது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற அந்தத் தட்டு வள்ளத்தின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்கும்படி எஞ்சினை மாட்ட வேண்டும். ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் அணியத்துப் பக்கம் நகர்த்துவதற்குச் செலவே கிடையாது, அதையும் செய்து பார்க்கலாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இறக்கை மெல்லியது, எளிதில் வளையாது, திறமையும் கொஞ்சம் கூடுதல். இருந்தாலும் மணலில் ஏற்றி இறக்குகிற, பாறைப் பார்களுக்கு மேலே ஓடுகிற இந்தக் கரைக்கு அலுமினியத்தையே சொல்வேன். பாரில் அடிபட்டால் இறக்கை வளைந்து கியரைக் காப்பாற்றிவிடும். வளைந்ததைப் பட்டறையில் கண் மதிப்பில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு பிட்ச் ஆகிவிடும், அந்த அதிர்வு ஆயில் சீலைத் தின்னும். தங்கூசி எனும் நைலான் நூல் தண்டில் சுற்றினாலும் சீல் அறுபட்டு, கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால்போல வெளுக்கும். எனவே அடிக்கடி கழற்றிப் பார்த்து, தண்டுக்குக் கிரீஸ் போட்டு மாட்ட வேண்டும்.

கழற்றி மாட்டுவது பின்னை உருவி, நட்டைத் திருகி எடுக்கிற சில நிமிட வேலைதான். வலைக்குப் போகும் மாதங்களுக்குக் குறைந்த பிட்ச், பாரம் அதிகமில்லாத தூண்டில் தொழிலுக்கு எஞ்சினோடு வந்த பழைய புரொப்பல்லர் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். மாட்டாமல் இருப்பது வள்ளத்தில் உதிரியாகக் கிடக்கட்டும், அதோடு இரண்டு பின்னும் ஒரு ஸ்பேனரும்.