கோல்ஃப் கிரீனின் வேகத்தைச் சரிவில் எப்படி அளப்பது?

நுவரெலியா நகரத்துக்கு நடுவிலேயே 1889இல் தொடங்கிய கோல்ஃப் மைதானம் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் எல்லாப் புல்லும் ஒரே பச்சைதான். ஆனால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருக்கும் பகுதி, கிரீன் என்று சொல்வார்களே, அதற்கு மட்டும் ஒரு வேகக் கணக்கு உண்டு. புல் ஓடுவதில்லை, சரி. உருண்டு வரும் பந்தை அது எவ்வளவு தூரம் போகவிட்டு நிறுத்துகிறது என்பதுதான் அந்த வேகம்.

இதை அளக்க வேண்டும் என்று 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரருக்குத் தோன்றியது. அந்த வருடம் அமெரிக்காவில், ஓக்மொன்ட் மைதானத்தில் நடந்த யூ.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜீன் சரசன் என்ற பிரபல வீரர் தட்டிய பந்து கிரீனிலேயே நிற்காமல் வெளியே ஓடிப்போனதை அவர் பார்த்தார். கிரீன் அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது என்று நினைத்தார், ஆனால் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? மரத்தில் ஒரு கருவி செய்தார். 1976இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் ஃபிராங்க் தோமஸ் அதை அலுமினியத்தில் திருத்தி அமைத்தார், 1978இல் அது மைதானப் பராமரிப்பாளர்களின் கைக்கு வந்தது. ஸ்டிம்ப்மீட்டர் என்று பெயர்.

பேட்டரி இல்லை, திரை இல்லை. 36 அங்குல நீளச் சட்டம், நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், கீழ்முனையிலிருந்து 30 அங்குலத்தில் பந்து உட்காரச் சின்ன வெட்டு, அவ்வளவுதான். கீழ்முனையைப் புல்லில் வைத்து, மறுமுனையை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். சரிவு ஏறத்தாழ 20 பாகை ஆனதும் பந்து தானாகவே வெட்டை விட்டு இறங்கிவிடும். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்: பந்தைத் தள்ளுவது யாருடைய கையும் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான், அதனால் யார் தூக்கினாலும் பந்து புல்லைத் தொடும்போது வேகம் ஒன்றேதான், நொடிக்குச் சுமார் 6 அடி. அப்புறம் அது எத்தனை அடி உருண்டு நிற்கிறதோ அதுதான் கிரீனின் எண். மூன்று பந்தை ஒரு பக்கம் விட்டு, அதே பாதையில் எதிர்ப்பக்கம் மூன்று விட்டு, சராசரி எடுப்பார்கள். அன்றாட ஆட்டத்துக்கு எட்டு, ஒன்பது போதும். பெரிய போட்டிகளில் பன்னிரண்டைத் தாண்டும்.

இந்த எண் நாளுக்கு நாள் மாறும், ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் கூட மாறும். எவ்வளவு ஒட்ட வெட்டினார்கள், உருளை ஓட்டினார்களா, மணல் தூவினார்களா, ஈரம் எவ்வளவு, எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மலையகத்தில் புல் காய நேரமே கிடைக்காது. ஈரப் புல் பந்தைப் பிடித்து இழுக்கும், மண்ணும் மெத்தென்று ஆகிவிடும். வருடத் தொடக்கத்தில் துகள் உறைபனி விழுந்த காலையிலோ அளவெடுக்கக் கிரீனில் கால் வைப்பதே தவறு, உறைந்த இலை மிதிபட்டால் செத்துப்போகும், வெயில் ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மலை ஊரில் உண்மையான சிக்கல் சரிவுதான். ஸ்டிம்ப்மீட்டருக்குச் சமதளம் வேண்டும், சாய்ந்த கிரீனில் அதற்கு எங்கே போவது? ஏறுமுகமாக விட்ட பந்து 6 அடியில் நின்று, இறங்குமுகமாக விட்டது 12 அடி ஓடியது என்று வைத்துக்கொள்வோம். கூட்டி இரண்டால் வகுத்தால் 9 வரும், அது தப்பு. சரிவு கூட்டுவதும் குறைப்பதும் தூரத்தை நேரடியாக அல்ல, பந்து வேகம் இழக்கும் வீதத்தைத்தான். அந்த வீதம் பாதியானால் தூரம் இரட்டிப்பாகும். அதனால் இறங்கும்போது கிடைக்கும் லாபம் ஏறும்போது வரும் நட்டத்தைவிட எப்போதும் பெரிது, சாதாரணச் சராசரி கிரீனை இருப்பதைவிட வேகமாகக் காட்டிவிடும். டக்ளஸ் பிரீட் என்ற புல் ஆய்வாளர் சொன்ன வழி எளிது: இரண்டு தூரத்தையும் பெருக்கி, இரட்டித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 6ஐயும் 12ஐயும் பெருக்கி இரட்டித்தால் 144, அதை 18ஆல் வகுத்தால் 8. அதுதான் சரியான எண்.

வேகமான கிரீன்தான் நல்ல கிரீன் என்று நினைக்கிறவர்கள் இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன சரிவு நூறடிக்கு மூன்றடி சொச்சம்தான். அதே சரிவில் புல்லை இன்னும் ஒட்ட வெட்டி, உருளை ஓட்டி, எண்ணை 8இலிருந்து 12க்கு ஏற்றினால், ஏறுமுகப் பந்து 6 அடிக்குப் பதில் 8 அடி போகும். இறங்குமுகப் பந்தோ 12 அடிக்குப் பதில் 24 அடி ஓடும். சரிவு நூறுக்கு ஆறரையைத் தாண்டும் இடத்தில் அது நிற்கவே நிற்காது. பழைய மலை மைதானத்தில் குழி வெட்ட இடம் தேடுகிறவருக்கு எண்ணைவிட இதுதான் பெரிய கவலை, பதினெட்டுக் கிரீனும் எட்டரைக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தால் அதுவே நல்ல மைதானம் என்பேன்.