லினக்ஸ் காணாமல் போகவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் ஒருநாள் லினக்ஸ் வராமல், நேராக விண்டோஸ் திறக்கும். எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறி லினக்ஸை மறுபடி நிறுவி, இருந்த கோப்புகளையும் இழந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று, கணினி எதை முதலில் திறப்பது என்ற தொடக்க வரிசையில் விண்டோஸை முதலிடத்தில் வைத்திருக்கும். லினக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். தயவுசெய்து எதையும் நிறுவாதீர்கள், வட்டின் பகுதிகளைத் தொடாதீர்கள்.

தொடக்க வரிசை இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது தாய்ப்பலகையின் யூஇஎஃப்ஐ அமைப்பு. எந்தத் தொடக்க நிரலை முதலில் அழைப்பது என்பதை அது முடிவுசெய்கிறது. இரண்டாவது, லினக்ஸோடு வரும் க்ரப் என்ற தொடக்க நிரல் காட்டும் இயங்குதளங்களின் பட்டியல். க்ரப் பட்டியலே திரையில் வராவிட்டால் சிக்கல் முதலாவதில். பட்டியல் வந்து, தவறான இயங்குதளம் தானாகத் திறந்தால் இரண்டாவதில்.

யூஇஎஃப்ஐ வரிசையில் கைவைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: விண்டோஸில் வட்டிலுள்ளவற்றைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா? கணினி தொடங்கும் விதம் மாறினால் அது ஐயப்பட்டு, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளை எந்தத் தொழில்நுட்பராலும் திறந்துதர முடியாது. நான் இயக்கவே இல்லையே என்பார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. மீட்புக் குறியீடு வழக்கமாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்த பிறகே வரிசையை மாற்றுங்கள்.

க்ரப்பில் ஆபத்து குறைவு. அதன் அமைப்புக் கோப்பில் இயல்பாகத் திறக்க வேண்டியதை எண்ணாகக் கொடுக்கலாம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஆனால் பட்டியலில் புதிய வரி சேர்ந்தால் எண் தவறிவிடும் என்பதால், பெயரைக் கொடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். கடைசியாகத் தேர்ந்ததையே மறுமுறையும் திறக்கச் சொல்லும் வசதியும் உண்டு. எதை மாற்றினாலும், உபுண்டு போன்றவற்றில் அப்டேட்-க்ரப் கட்டளையை இயக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். பட்டியலில் விண்டோஸே இல்லையென்றால், மற்ற இயங்குதளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-ப்ரோபர் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் வெளிவந்த க்ரப் 2.06 முதல் அது இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது.

விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸின் வட்டுப் பகுதியில் எழுத முயன்றால் கோப்புகள் சிதையலாம்.

இன்னொரு இயங்குதளம் எப்போதாவதுதான் தேவை என்றால் வரிசையை மாற்றவே வேண்டாம். கணினியை இயக்கியதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்கேற்ப ஒரு விசையை அழுத்தினால், அந்த ஒருமுறைக்கு மட்டும் தேர்ந்துகொள்ளும் பட்டியல் வரும்.